ஐந்து நொடி மிச்சம்

வணக்கம் சார்,

கோவையில் பொறியியல் கடைசி வருடம் படிக்கிறேன். மூன்று வருடமாக உங்களை வாசிக்கிறேன், எழுதுவது இதுதான் முதல்முறை. சீனா 2003-லேயே விண்வெளிக்கு ஆளை அனுப்பிவிட்டது. இன்று சொந்தமாக விண்வெளி நிலையம் வைத்திருக்கிறது, 2030-க்குள் நிலவில் ஆளை இறக்குவோம் என்கிறது. நாமோ 2022-க்குள் ககன்யான் கலத்தில் நம் ஆளை அனுப்புவோம் என்று செங்கோட்டையில் நின்று சொல்லிவிட்டு, தள்ளிப்போட்டுக்கொண்டே இருக்கிறோம். சுபான்ஷு சுக்லா விண்வெளிக்குப் போனதுகூட அமெரிக்க ராக்கெட்டில் டிக்கெட் வாங்கித்தானே? ஏழை நாட்டுக்கு இதெல்லாம் தேவையா என்று வீட்டில் கேட்கிறார்கள். நம் விண்வெளித் திட்டத்தைத் தொடங்கிய விக்ரம் சாராபாயே மனிதனை அனுப்பும் போட்டி நமக்கு வேண்டாம் என்று சொல்லியிருக்கிறாராமே? நாம் தோற்றுவிட்டோமா? உண்மையைச் சொன்னால் எனக்கு வெட்கமாக இருக்கிறது.

க.

அன்புள்ள க.,

எனக்கு வரும் கடிதங்களில் பாதிக்கு மேல் பதில் எழுதுவதில்லை. உங்களுக்கு எழுதுவதற்கு அந்தக் கடைசி வரிதான் காரணம். போன வாரம் பணகுடிக்குப் போய் என் சித்தப்பாவைப் பார்த்துவிட்டு வந்தேன். அவர் மகேந்திரகிரியில், இஸ்ரோவின் ராக்கெட் எஞ்சின் சோதனை நிலையத்தில், டெக்னீஷியனாக இருந்து ஓய்வு பெற்றவர். திரும்பி வரும் வழியெல்லாம் ரயிலில் இதையேதான் யோசித்துக்கொண்டிருந்தேன். வந்து கடிதப் பெட்டியைத் திறந்தால் உங்கள் 'வெட்கம்'. சரி, எழுதித்தான் ஆக வேண்டும் என்று தோன்றியது.

முதலில் சில்லறைக் கேள்விகளை முடித்துவிடுகிறேன். ஏழை நாட்டுக்குத் தேவையா என்பதை 1963-ல் தும்பாவில் முதல் ராக்கெட் போன நாளிலிருந்து கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். மனித விண்வெளித் திட்டத்துக்கு இப்போது ஒதுக்கியிருப்பது மொத்தமாக 20,193 கோடி ரூபாய், பல வருடங்களுக்குச் சேர்த்து. அதிகமா குறைவா என்று உங்கள் வீட்டார் முடிவு செய்துகொள்ளட்டும், நான் அந்தப் பஞ்சாயத்துக்கு வரவில்லை. சாராபாய் சொன்னது உண்மைதான். பணக்கார நாடுகளோடு நிலவுக்கும் மனிதப் பயணத்துக்கும் போட்டி போடும் கற்பனை நமக்கு இல்லை என்றார். அது அறுபதுகளில். தாத்தா பேரனுக்கு எழுதிவைத்த உயில் மாதிரி அதைத் தூக்கிக்கொண்டு அலைய வேண்டியதில்லை. அமெரிக்க ராக்கெட்டில் டிக்கெட் வாங்கியது பற்றிப் பிறகு வருகிறேன், மறந்துவிட்டால் நினைவுபடுத்துங்கள்.

இப்போது சீனா. நீங்கள் படித்தது தலைப்புச் செய்தியை மட்டும்தான் என்று தெரிகிறது, கோபித்துக்கொள்ளாதீர்கள். 2003 அக்டோபர் 15-ல் யாங் லிவெய் ஷென்சோ-5 கலத்தில் ஏறினார், சரி. அந்தத் திட்டத்துக்கு ஒப்புதல் கிடைத்தது 1992-ல். அதற்கு இருபது வருடம் முன்பே, 1971-ல், பத்தொன்பது விமானிகளைப் பொறுக்கியெடுத்துத் தயார் செய்யப் பார்த்து, மறு வருடமே அந்த முயற்சியைக் கைவிட்டார்கள். தொண்ணூறுகளில் இரண்டு பேரை ரஷ்யாவுக்கு அனுப்பிப் பயிற்சி எடுக்க வைத்தார்கள். ககன்யானுக்குத் தேர்வான நம் நால்வரும் 2020-ல் போய்ப் பயிற்சி எடுத்த அதே நட்சத்திர நகரம்தான். ஆளை ஏற்றுவதற்கு முன் ஆளில்லாத ஷென்சோவை நான்கு முறை அனுப்பிப் பார்த்தார்கள். 92-ல் தொடங்கி விண்வெளி நிலையத்தைக் கட்டி முடிக்க முப்பது வருடம். அமெரிக்கா 2011-ல் சட்டம் போட்டு அவர்களுக்கு நாசாவின் கதவைச் சாத்தியது. நமக்கு 93-ல் ரஷ்யாவிடமிருந்து கிரையோஜெனிக் தொழில்நுட்பம், அதாவது கடுங்குளிர் திரவ எரிபொருளில் ஓடும் எஞ்சின், வராமல் போனதும் அமெரிக்கா கொடுத்த நெருக்கடியால்தான். இரண்டு பேரும் சாத்திய கதவுக்கு வெளியே நின்று தொழில் கற்றவர்கள். யார் முதலில் கற்றுக்கொண்டார்கள் என்பது ஒரு கணக்கு, அவ்வளவுதான், அதில் நீங்கள் வெட்கப்பட என்ன இருக்கிறது?

அந்தச் சீனாக்காரர்கள் 2025 நவம்பரில் என்ன செய்தார்கள் என்று பார்த்தீர்களா? ஷென்சோ-20-ன் ஜன்னல் கண்ணாடியில் மெல்லிய விரிசல். ஏதோ துகள் மோதியிருக்கலாம் என்ற சந்தேகம். திரும்பவேண்டிய மூன்று பேரையும் நிறுத்திவைத்து, பிறகு வேறு கலத்தில் இறக்கி, மேலே இருப்பவர்களுக்காக ஆளில்லாமல் இன்னொரு கலத்தை அனுப்பினார்கள். உலகமே பார்க்க, தங்கள் கலத்தில் ஆளை ஏற்ற மாட்டோம் என்று தாங்களே சொன்னார்கள். எனக்கு அவர்கள்மேல் மரியாதை கூடியது அன்றுதான். 2003-ல் இதே ஆட்கள் ஏவுதலை நேரலையில் காட்டக்கூடப் பயந்து கடைசியில் ரத்து செய்தவர்கள்.

சித்தப்பாவை விட்டுவிட்டு எங்கேயோ போய்விட்டேன். இல்லை, அதற்கு முன் இன்னொன்று, இதைச் சொல்லாவிட்டால் எனக்குத் தூக்கம் வராது.

ராகேஷ் சர்மாவை எல்லோருக்கும் தெரியும். 1984 ஏப்ரல், சோயுஸ் டி-11. இந்தியா எப்படித் தெரிகிறது என்று இந்திரா காந்தி கேட்டது, அவர் 'ஸாரே ஜஹான் ஸே அச்சா' என்றது. நான் அப்போது ஆறாம் வகுப்பு. எங்கள் தெருவில் டிவி கிடையாது, மறுநாள் டீக்கடையில் பேப்பரை ஒருவர் சத்தமாக வாசிக்க, பத்துப் பேர் நின்று கேட்டோம். அவர் பக்கத்தில் உட்கார்ந்திருந்த இரண்டு ரஷ்யர்கள் யார் என்று அன்றும் யாரும் கேட்கவில்லை, இன்றும் கேட்பதில்லை. ஒருவர் யூரி மாலிஷெவ். மற்றவர் கென்னாடி ஸ்ட்ரெகலோவ். இந்த ஸ்ட்ரெகலோவ் அதற்கு ஆறு மாதம் முன்பு, 1983 செப்டம்பர் 26 இரவில், பைக்கனூரில் விளாதிமிர் டிடோவோடு ராக்கெட்டின் உச்சியில் கிளம்பத் தயாராக உட்கார்ந்திருந்தார். ஏவுவதற்கு ஒன்றரை நிமிடம் இருக்கும்போது அடியில் எரிபொருள் கசிந்து தீப்பிடித்தது. உள்ளே இருப்பவர்களுக்குத் தீ தெரியாது, ஏதோ அதிர்வு மட்டும். தப்பிக்கும் அமைப்பைத் தானாக இயக்கவேண்டிய கம்பிகள் தீயில் கருகிவிட்டன. வெவ்வேறு அறைகளில் இருந்த இரண்டு பேர் சேர்ந்தாற்போல் பொத்தானை அழுத்தினால்தான் உண்டு. அழுத்தினார்கள். கலம் பிய்த்துக்கொண்டு மேலே பறந்தது. இரண்டே நொடியில் ராக்கெட் வெடித்தது. நாலு கிலோமீட்டர் தள்ளி பாராசூட்டில் இறங்கினார்கள், இரண்டு பேரும் பிழைத்தார்கள். அந்த மனிதர்தான் ஆறு மாதம் கழித்து மறுபடி ஒரு சோயுஸில், நம் ஆளுக்குப் பக்கத்து இருக்கையில் ஏறி உட்கார்ந்தார். நம் பெருமைக்குரிய அந்த எட்டு நாளில் எனக்கு மிகவும் பிடித்த விஷயம் இதுதான். பாடப் புத்தகத்தில் இல்லை.

அதே சோவியத்தில் பதினாறு வருடம் முன்பு நடந்ததையும் பாருங்கள். 1967 ஏப்ரல், சோயுஸ்-1. ஆளில்லாத சோதனைகளில் ஒன்றுகூட ஒழுங்காக முடிந்திருக்கவில்லை. ஆனால் புரட்சிக்கு ஐம்பதாவது ஆண்டு, மே தினம் வேறு நெருங்குகிறது. கொமரோவ் என்ற விண்வெளி வீரரை ஏற்றினார்கள். மேலே போனதும் ஒரு சூரியத் தகடு விரியவில்லை, திரும்பும்போது பாராசூட் விரியவில்லை. தரையில் மோதி இறந்தார். தேதிக்காக ஒரு மனிதன். இப்போது சொல்லுங்கள் க., 2022 ஆகஸ்ட் 15-ஐ நாம் தவறவிட்டதற்கா வெட்கப்படுகிறீர்கள்? ஒரு பொறியியல் மாணவர்! மேடையில் சொன்ன தேதிக்கு மரியாதை கொடுத்து பாதிச் சோதனையோடு ஆளை ஏற்றியிருந்தால் வெட்கப்படலாம். தேதி அரசியல்வாதியின் சொத்து. சொல்லட்டும், கைதட்டல் வாங்கட்டும், அது அவர் தொழில். நீங்கள் ஏன் அந்தக் காலண்டரைத் தூக்கிச் சுமக்கிறீர்கள்? நாளைக்கு உங்கள் கையில் ஒரு சோதனை அறிக்கை வரும், மேலதிகாரி பின்னால் நின்று 'சீக்கிரம் கையெழுத்துப் போடு தம்பி' என்பார். அன்றைக்கும் வெட்கமாக இருக்கிறது என்று போட்டுக் கொடுத்துவிடுவீர்களா?

கொஞ்சம் சத்தமாகப் பேசிவிட்டேன். பரவாயில்லை, வயதில் சின்னவர், தாங்குவீர்கள்.

டிக்கெட் விஷயம். சுக்லா 2025 ஜூன் 25-ல் கிளம்பினார், ஆனால் அதற்கு முன் எத்தனை முறை தள்ளிப்போனது என்று பாருங்கள். அதில் ஒருமுறை ஃபால்கன் ராக்கெட்டில் திரவ ஆக்சிஜன் கசிவு. முழுதாகச் சரிசெய்த பிறகுதான் ஏவ வேண்டும் என்று நம் ஆட்கள் அங்கே பிடிவாதமாக நின்றதாக இஸ்ரோ தலைவர் நாராயணன் பிற்பாடு சொன்னார். அவர் கிரையோஜெனிக் ஆள், கன்னியாகுமரி மாவட்டத்துக்காரர். காசு கொடுத்து ஏறுகிற வண்டி என்பதற்காக, டிரைவர் சொன்னபடி கேட்டுக்கொண்டு இருக்கவில்லை. அந்த டிக்கெட்டில் நாம் வாங்கியதில் இதுவும் சேர்த்தி.

வண்டி என்றதும் சித்தப்பா. தொண்ணூறுகளின் நடுவில் எங்கள் வீட்டுக் கல்யாணம் ஒன்று, முகூர்த்தம் நாகர்கோவிலில். பணகுடியிலிருந்து வேனில் கிளம்பினோம். காவல்கிணறு விலக்கு தாண்டியதும் சித்தப்பா வண்டியை நிறுத்தச் சொன்னார். பின்சக்கரத்தில் ஏதோ சத்தம், 'டக் டக்' என்று. எங்கள் யாருக்கும் கேட்கவில்லை. டிரைவர், 'இது எப்பவும் வர்ற சத்தம்தான் சார்' என்றார். சித்தப்பா கேட்கவில்லை, எல்லோரையும் இறங்கச் சொல்லிவிட்டார். ஆரல்வாய்மொழிக் காற்று எப்படி இருக்கும் என்று அந்தப் பக்கத்துக்காரர்களுக்குத் தெரியும். பட்டுச்சேலை கட்டிய பெண்கள் ஒரு கையில் முந்தானையையும் இன்னொரு கையில் தாம்பாளத்தையும் பிடித்துக்கொண்டு ரோட்டோரம் நின்றார்கள், மல்லிகைப்பூ பறக்கிறது. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு சித்தப்பா குனிந்து ஒவ்வொரு நட்டாக முறுக்கிப் பார்த்தார். அரை மணி நேரம். கடைசியில் கிடைத்தது டயர் இடுக்கில் சிக்கியிருந்த ஒரு சின்னக் கல். அதை ஸ்க்ரூடிரைவரால் நெம்பி எடுத்து, உள்ளங்கையில் வைத்துப் பார்த்துவிட்டு, 'சரி, போலாம்' என்றார்.

முகூர்த்தம் தப்பவில்லை, ஆனால் மூச்சு வாங்க ஓடித்தான் மண்டபத்துக்குள் போனோம். தாத்தா அன்று முழுக்க அவரோடு பேசவில்லை. அன்றிலிருந்து அவருக்குக் குடும்பத்தில் பெயர் 'கல்லு சித்தப்பா'. என் அத்தைகள் ஒவ்வொரு கல்யாணத்திலும் வேன் ஏறும்போது, 'ஏய், கல்லு பாத்தாச்சா?' என்பார்கள், எல்லோரும் சிரிப்போம். நானும் சிரித்திருக்கிறேன். அவர் ஒருமுறைகூடப் பதில் சொன்னதில்லை. என்ன சொல்ல முடியும்? நட்டு கழன்றிருந்தால் அவர் குலதெய்வம். கல் மட்டும் கிடைத்ததால் கோமாளி. ஆனால் இரண்டுக்கும் அவர் கேட்ட சத்தம் ஒன்றுதான், குனிந்து பார்க்கும்வரை எது என்று யாருக்குத் தெரியும்?

2023 அக்டோபர் 21, சனிக்கிழமை. ககன்யானின் தப்பிக்கும் அமைப்புக்கு ஸ்ரீஹரிகோட்டாவில் சோதனை. ஒரு ராக்கெட்டை ஏவி, சுமார் 12 கிலோமீட்டர் உயரத்தில் ஆபத்து வந்துவிட்டதாகப் பாவித்து, கலத்தைப் பிரித்து வங்காள விரிகுடாவில் இறக்கிப் பார்ப்பது. ஸ்ட்ரெகலோவைக் காப்பாற்றிய அதே சங்கதிதான். காலை எட்டு மணிக்கு என்றார்கள், வானிலை சரியில்லை என்று எட்டே முக்காலுக்குப் போனது. நான் டிவி முன்னால். கவுண்ட்டவுன் ஓடுகிறது, ஐந்து நொடி இருக்கும்போது கம்ப்யூட்டர் நிறுத்திவிட்டது. புகை இல்லை, நெருப்பு இல்லை, ராக்கெட் சும்மா நிற்கிறது. அப்போதைய தலைவர் சோமநாத் கேமரா முன்னால் வந்து, எஞ்சின் வழக்கம்போல் பற்றவில்லை, என்னவென்று பார்த்துவிட்டுச் சொல்கிறோம் என்றார். அடுத்த நிமிடம் என் போனில் வாட்ஸ்அப் நக்கல்கள் குவிய ஆரம்பித்தன. பிற்பாடு பார்த்தால் கோளாறு எஞ்சினில் இல்லை, கண்காணிக்கிற ஏற்பாட்டில்தான். சரிசெய்து பத்து மணிக்கு ஏவினார்கள், கலம் கரையிலிருந்து பத்து கிலோமீட்டரில் விழுந்து தலைகீழாக மிதந்தது, கடற்படை போய்த் தூக்கிவந்தது. தலைகீழாக மிதந்ததும் ஒரு பாடம்தான், உள்ளே ஆள் இருக்கும்போது அதைக் கற்க முடியாது.

ஆனால் அந்த ஒன்பது மணிக்கு யாருக்கும் இதெல்லாம் தெரியாது. டிவியில் அறிவிப்பாளர் என்ன பேசுவது என்று தெரியாமல் பேசிக்கொண்டிருந்தார். அப்போது போன் அடித்தது, சித்தப்பா. வருத்தமாகப் பேசப்போகிறார் என்று நினைத்து எடுத்தேன். எதிர்முனையில் சிரிப்பு. கல்லு சித்தப்பா என்று கூப்பிட ஆரம்பித்த இத்தனை வருடத்தில் அவர் அப்படிச் சிரித்து நான் கேட்டதே இல்லை.

'அஞ்சு செகண்டுல நிறுத்திட்டாம்லா. பாத்தியாலே?'

அன்புடன்

(பின்குறிப்பு: கடைசி வருட ப்ராஜெக்ட் எதில் செய்கிறீர்கள் என்று எழுதவே இல்லையே.)