தண்ணீர்க் கழிவு

அன்புள்ள ஐயா,

கோத்தகிரிக்கு அருகில் ஒரு சிற்றூரில் பிறந்தவன் நான். பெங்களூரில் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் வேலை. 2020க்குப் பிறகு பெரும்பாலும் ஊரிலிருந்தே பார்க்கிறேன். தேயிலை ஆலைகளுக்கான கொள்முதல் மென்பொருளை எங்கள் குழு உருவாக்கி வருகிறது. தராசில் இலை ஏறுவது முதல் விவசாயியின் வங்கிக் கணக்கில் பணம் சேர்வது வரை மனிதத் தலையீடே இல்லாத அமைப்பு அது. எங்கள் நிறுவனத்திலும் இரண்டு அடுக்கு மேலாளர்களை எடுத்துவிட்டார்கள். தகவல் தொழில்நுட்பம் நிறுவனங்களின் படிநிலைகளையும் இடைத்தரகர்களையும் ஒழித்துவிடும் என்று நம்புகிறேன். நான் நினைப்பது சரியா?

ர.

அன்புள்ள ர.,

உங்கள் கடிதம் வந்த அன்று காலையில்தான் அப்பாவின் பழைய இலைப் பேரேடு ஒன்றைப் பரணிலிருந்து இறக்கி, பூச்சி உதிரட்டும் என்று வெயிலில் விரித்து வைத்திருந்தேன். அது மட்டும் இல்லையென்றால் பதில் எழுதியிருக்க மாட்டேன். படிநிலைகள் ஒழியப்போகின்றன என்ற பேச்சு உங்கள் வயதைவிட மூத்தது. உங்கள் மேலாளர்களை எடுத்துவிட்டதைப் பற்றி எனக்குச் சொல்ல எதுவும் இல்லை. அவர்கள் பார்த்த வேலையை இப்போது இரவு பத்து மணிக்கு நீங்கள் பார்க்கிறீர்கள் என்று ஊகிக்கிறேன்.

இடைத்தரகர் விஷயத்தை உங்கள் ஊரிலேயே சரிபார்த்துக்கொள்ளலாம். குன்னூரில் 1963இல் தேயிலை ஏலம் தொடங்கியபோது வாங்குவோர் ஒரே கூடத்தில் அமர்ந்து, குரல் கொடுத்து விலை கேட்டார்கள். இன்று ஏலம் திரையில் நடக்கிறது. கூடத்துக்கு யாரும் வரவேண்டியதில்லை. ஆனாலும் தேயிலையைச் சுவைத்து, மதிப்பிட்டு, பட்டியல் தயாரிக்கும் புரோக்கர் அங்கேயேதான் இருக்கிறார். உங்கள் ஊர் முனையில் பிக்கப் வண்டியோடு நிற்கும் இலை ஏஜெண்டும் இருக்கிறார். எந்த ஆலை என்ன விலை தருகிறது என்பது எல்லாருடைய கைபேசியிலும் தெரிகிறது. தெரிந்தும் பலர் அவரிடமே இலையைப் போடுகிறார்கள், ஏனென்றால் ஜூன் மாதத்தில் பிள்ளைகளின் பள்ளிக் கட்டணத்துக்கு முன்பணம் கொடுத்தவர் அவர். விலையைச் சொல்லும் திரை கடன் கொடுப்பதில்லை. பெங்களூரில் உட்கார்ந்து இதை மறந்திருந்தால் மன்னிக்கலாம். சொந்தத் திண்ணையில் உட்கார்ந்துகொண்டு மறந்திருக்கிறீர்கள்.

கணினியை வாங்கி வைத்தால் நிறுவனம் தானாக மாறிவிடும் என்பதும் இதே வகை நம்பிக்கைதான். பொருளாதார வரலாற்றாய்வாளர் பால் டேவிட் 1990இல் இதற்கு ஒரு பழைய கதையைச் சான்றாகக் காட்டினார். அமெரிக்கத் தொழிற்சாலைகளுக்கு மின்சாரம் வந்தபோது பல முதலாளிகள் நீராவி எந்திரத்தை அகற்றி அதன் இடத்தில் ஒரு பெரிய மோட்டாரை வைத்தார்கள்; கூரைக்கடியில் ஓடிய தண்டும், அதிலிருந்து ஒவ்வொரு இயந்திரத்துக்கும் இறங்கிய பெல்ட்டும் அப்படியே இருந்தன. ஒவ்வொரு இயந்திரத்துக்கும் தனி மோட்டார் வைத்து, கட்டடத்தையும் வேலை நடக்கும் வரிசையையும் மாற்றியமைத்த பிறகே உற்பத்தித்திறன் உயர்ந்தது. அதற்கு ஏறக்குறைய நாற்பது ஆண்டுகள் ஆயின. எங்கள் ஊர்ப் பக்கத்தில் ஓர் ஆலையில் கணினி வந்த பிறகும் மூன்று ஆண்டுகள் பேரேட்டையும் கூடவே எழுதினார்கள். கணினியை நம்பாததால் பேரேடு, கணக்கரை நம்பாததால் கணினி.

இவை எதுவும் என்னை உறுத்தவில்லை. ‘மனிதத் தலையீடே இல்லாத’ என்று பெருமையோடு எழுதியிருக்கிறீர்களே, அந்தச் சொல்தான் மூன்று நாளாக உறுத்துகிறது. தலையீடு என்பது தனக்குச் சம்பந்தமில்லாத காரியத்தில் ஒருவன் நுழைவது. தராசடியில் நிற்பவனுக்கு இலை சம்பந்தமில்லாத காரியமா?

என் அப்பா ஓர் ஆலையின் இலைக் கொட்டகையில் இருபத்தாறு ஆண்டுகள் கணக்கராக இருந்தார். மூட்டை இறங்கியதும் சட்டைக் கையை மடக்கிக்கொண்டு முழங்கை வரை உள்ளே விடுவார். மேலே குளிர்ந்திருக்கும் இலை அடியில் சூடாக இருந்தால், காலையிலேயே பறித்து அழுத்திக் கட்டியது என்று அவருக்குத் தெரிந்துவிடும். அப்படிப்பட்ட இலை சிவந்துபோகும். ஒரு கொத்தை எடுத்துப் பிழிவார். உள்ளங்கையில் நிற்கும் நீரைப் பார்த்துவிட்டுத் தண்ணீர்க் கழிவு, அதாவது ஈரத்துக்காக எடையில் கழிக்க வேண்டியது, எத்தனை கிலோ என்று சொல்வார். பேரேட்டில் தேதி, உறுப்பினர் எண், எடை, கழிவு, நிகர எடை ஆகியவற்றுக்குப் பின்னால் ‘குறிப்பு’ என்று அகலமாக ஒரு கட்டம் இருக்கும். இப்போது என் எதிரில் இருக்கும் பக்கத்தில் அந்தக் கட்டத்தில் இப்படி எழுதியிருக்கிறது: ‘பனி ஈரம் மட்டும், 1 கிலோ போதும்.’ ‘முற்றல் கலப்பு, சொல்லி அனுப்பினேன்.’ ‘கழிவு இல்லை.’

அப்பா நியாயவான் என்று நான் வாதாட வரவில்லை. தன்னோடு சண்டை போட்ட ஒருவருக்கு ஒரு மாதம் முழுவதும் இரண்டு கிலோ கூடுதலாகக் கழித்திருப்பதும் அதே கையெழுத்தில்தான் இருக்கிறது. ஆனால் அந்த மனிதர் மாதக் கடைசியில் கொட்டகைக்கே வந்து, நாலு பேர் முன்னால் அப்பாவைத் திட்டித் தீர்த்தார். அடுத்த மாதம் கழிவு குறைந்தது. திட்டுவதற்கு எதிரில் ஓர் ஆள் இருந்தார்.

இப்போது என் சித்தியின் கதையைக் கேளுங்கள். அவருக்கு முக்கால் ஏக்கர். அவர் இலை போடும் ஆலையில் சில ஆண்டுகளுக்கு முன்பு புதிய மென்பொருள் வந்தது. ஐப்பசி மழையில் யாரோ தண்ணீர்க் கழிவு எட்டு சதவீதம் என்று அதில் பதிந்திருக்கிறார்கள். மழை நின்றது, மார்கழி போனது, உறைபனியில் கொழுந்து கருகியது, மாசி வெயிலும் வந்துவிட்டது. கையில் எடுத்தால் சலசலக்கும் இலைக்கும் எட்டு சதவீதம் கழிந்துகொண்டே இருந்தது. சித்தி கேட்டதற்குத் தராசடியில் இருந்த பையன், ‘சிஸ்டம் எடுக்குது அத்தை, நான் ஒண்ணும் பண்ண முடியாது’ என்று சொல்லியிருக்கிறான். அவன் சொன்னது பொய்யில்லை. அந்த எண்ணை மாற்றும் கடவுச்சொல் கோவையில் இருந்த ஒருவரிடம் இருந்தது. அவருக்கு மழை நின்றது தெரியாது. பச்சைத் தேயிலைக்கான குறைந்தபட்ச விலையைத் தேயிலை வாரியம் ஏல சராசரியை வைத்து மாதந்தோறும் அறிவிக்கிறது. அதில் சித்திக்குப் பேச்சு இல்லை. அவர் வாதாடக்கூடிய ஒரே இடம் எடையும் கழிவும்தான். அந்த இடத்தைத்தான் மென்பொருள் அடைத்துவிட்டது.

எட்டு என்று பதிந்ததும் ஒரு மனிதர்தானே? உங்கள் அமைப்பில் தலையீடு ஒழியவில்லை, தம்பி; தலை மட்டும் கொட்டகையைவிட்டு வெளியே போய்விட்டது. கூழைத் தொட்டும் முகர்ந்தும் பக்குவம் அறிந்த காகித ஆலைத் தொழிலாளர்கள் கட்டுப்பாட்டு அறைத் திரைக்கு முன்னால் உட்கார வைக்கப்பட்டதை ஷோஷானா சுபாஃப் என்ற ஆய்வாளர் 1988இலேயே விரிவாக எழுதினார். இயந்திரம் வேலையைச் செய்வதோடு, வேலையைப் பற்றிய தகவலையும் கொட்டுகிறது. அந்தத் தகவலைத் தொழிலாளியோடு பகிர்ந்துகொள்வதா, அதிகாரமாக்கி மேலே வைத்துக்கொள்வதா என்பதை நிர்வாகமே தீர்மானிக்கிறது என்றார். நீங்கள் கேட்ட படிநிலை இதுதான். அலுவலக வரைபடத்தில் இரண்டு பெட்டிகளை அழித்ததால் அது குறைந்துவிடவில்லை.

கோபத்தில் நீட்டிவிட்டேன். மலையிலேயே இருந்துகொண்டு, சொந்த ஊருக்குப் பயன்படும் ஒன்றைச் செய்ய நினைக்கிறீர்களே, அதற்காக உங்கள் மேல் எனக்குப் பிரியம்தான். அதனால் இரண்டு காரியம் செய்யுங்கள். தராசடியில் இருப்பவர் கழிவை மாற்றவும் காரணம் எழுதவும் ஒரு கட்டம் வையுங்கள். முடிவு செய்தவரின் பெயர் ரசீதில் அச்சாகட்டும். அதற்கு முன், அடுத்த மழை நாளில் ஏதாவது ஓர் ஆலையின் கொட்டகையில் மாலை நான்கு மணிக்குப் போய் நின்று, அனுமதி கேட்டு, ஒரு மூட்டைக்குள் கையை விட்டுப் பாருங்கள்.

பேரேடு காய்ந்துவிட்டது. சில பக்கங்களைக் கரையான் தின்றிருந்தாலும் குறிப்புக் கட்டம் பெரும்பாலும் படிக்கும்படி இருக்கிறது. குன்னூர் வரும்போது சொல்லுங்கள், எடுத்து வைக்கிறேன்.