இரைச்சலும் ஒழுங்கும் – கடிதம்

அன்புள்ள ஐயா,

எண்ட்ரோபி, அதாவது ஒழுங்கின்மையின் அளவு, கூடிக்கொண்டேதான் போகும் என்று படித்தேன். அப்படியென்றால் எந்த ஒழுங்கும் கடைசியில் இரைச்சலில்தான் போய் முடியுமா? அப்பா பாடிய தேவாரக் கேசட்டுகளை 16 பிட்டில் கணினியில் ஏற்றி, இரைச்சலை 30 டெசிபல் குறைத்தேன். பாட்டு தேய்ந்து அடங்கும் இடத்தை ஹெட்போனில் கூட்டிவைத்துக் கேட்டால் கரகரக்கிறது. குரலுக்குப் பின்னால் தண்ணீர் கொப்பளிப்பதுபோல் வேறொரு சத்தம். எவ்வளவு துடைத்தாலும் இரைச்சல்தான் ஜெயிக்கிறது.

எஸ்.

அன்புள்ள எஸ்.,

அப்பாவின் குரலைக் காப்பாற்ற உட்கார்ந்தீர்களே, அதற்காகவே எழுதுகிறேன். எண்ட்ரோபி விதி வெளித்தொடர்பே இல்லாத அமைப்புக்குத்தான். பூமிக்குச் சூரியன் இருக்கிறது, வெப்பத்தை வெளியே கொட்ட வானம் இருக்கிறது. ஒழுங்கு இங்கே தாராளமாக உருவாகலாம். கேசட் கரகரத்தால் உடனே பிரபஞ்சத்தின் அழிவுக்குப் போய்விடுவதா?

கரகரப்பு வந்தது நீங்கள் இரைச்சலைத் துரத்தியதால். 16 பிட் கோப்பில் ஒலிக்கு 65,536 படிகள். எந்த மதிப்பும் ஏதாவதொரு படியில் உட்கார்ந்தாக வேண்டும். உரத்த குரலில் இந்தப் பிழை தெரியாது. குரல் தேய்ந்து ஒன்றிரண்டு படி உயரத்துக்கு வந்ததும் வளைவான அலை கட்டம் கட்டமாக வெட்டுப்படும், அப்பா பாடாத மேல்சுரங்கள் முளைக்கும். அரைப்படிக்கும் கீழே போனால் வெறும் பூஜ்யம்.

இதற்கு மருந்து, படியில் உட்காரவைக்கும் முன்பே கொஞ்சம் இரைச்சலைக் கலப்பது. டிதர் என்பார்கள். மதிப்பு 0.3 படி என்று வையுங்கள். டிதர் இல்லாவிட்டால் எப்போதும் 0, அந்த 0.3 போனது போனதுதான். இப்போது ஒவ்வொரு மாதிரிக்கும் (ஒரு கணத்தில் அளந்த ஒலி மதிப்புக்கும்) –0.5 முதல் +0.5 வரை இரண்டு தற்செயல் எண்களை எடுத்துக் கூட்டி, அந்த மதிப்போடு சேருங்கள். இதுதான் முக்கோண டிதர். நூறில் சுமார் 32 முறை 1 வரும், 2 முறை –1 வரும், மிச்சம் 66 முறை 0. சராசரி 0.3! படிக்குக் கீழே இருந்த மதிப்பு மீண்டுவிட்டது. காது இந்தச் சராசரியைத் தானாகவே எடுத்துக்கொள்ளும். விலை, அடியில் எப்போதும் இருக்கும் இரைச்சல் சுமார் 4.8 டெசிபல் உயரும், அவ்வளவுதான். படங்களுக்கு இதை லாரன்ஸ் ராபர்ட்ஸ் 1962-இலேயே எழுதிவிட்டார். ஒலிக்கு 1980-களில் கனடாவின் வாட்டர்லூ பல்கலைக்கழகத்தில் வாண்டர்கூயும் லிப்ஷிட்ஸும் கணக்குப் போட்டுக் காட்டினார்கள்.

உங்கள் கேசட்டின் 'உஸ்' அந்தப் படியைவிடப் பல மடங்கு பெரியது. இத்தனை நாள் டிதர் வேலையைக் கூலி வாங்காமல் பார்த்துக்கொண்டிருந்தது அதுதான். அதைத்தான் விரட்டியடித்தீர்கள்.

கொப்பளிப்பு வேறு நோய். இரைச்சல் குறைக்கும் மென்பொருள் ஒலியைப் பல அதிர்வெண் துண்டுகளாகப் பிரித்து, ஒரு வரம்புக்குக் கீழே இருப்பதையெல்லாம் அமுக்குகிறது. இரைச்சல் ஏறி இறங்குவதால் அங்கங்கே சில துணுக்குகள் வரம்பைத் தாண்டிக் குதித்துவிடும். சுற்றிலும் 30 டெசிபல் அமைதி, நடுவே ஒற்றைத் துணுக்கு. கேட்காமல் என்ன செய்யும்? 6 முதல் 10 டெசிபலோடு நிறுத்தினால், மிஞ்சிய உஸ் இவற்றை மூடிவிடும்.

ஆனால் இரைச்சல் நல்லது என்று அள்ளிக் கொட்டவும் கூடாது. பேடில்ஃபிஷ் என்றொரு அமெரிக்க நதி மீன், மிதவை உயிரிகளின் மெல்லிய மின்புலத்தை மோப்பம் பிடித்து இரை தேடும். நீரில் கொஞ்சம் மின் இரைச்சல் சேர்த்தபோது இன்னும் தூரத்து இரையையும் பிடித்தது, நிறையச் சேர்த்ததும் தடுமாறியது என்று 1999-இல் ஓர் ஆய்வு வந்தது.

கேசட் பிளேயரில் நாடாவைப் படிக்கும் தலையை (ஹெட்) ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் தொட்ட பஞ்சால் துடைத்து, காய்ந்ததும் 24 பிட்டில் மறுபடி பதியுங்கள். இரைச்சல் குறைப்பு, ஒலியளவு, முடிவில் ஒலியைத் தேயவிடுவது எல்லாமே 32 பிட் ஃப்ளோட்டில் (மிக நுண்ணிய மதிப்பையும் தாங்கும் எண் வடிவத்தில்) நடக்கட்டும். கடைசியாக ஒரே ஒரு முறை முக்கோண டிதரோடு 16 பிட்டுக்கு மாற்றுங்கள். மாற்றிய பிறகு ஒலியளவைத் தொடாதீர்கள். தொட்டால் மறுபடி ரவுண்ட் ஆகும், கரகரப்பு திரும்பும். 16 பிட்டுக்கு மாற்றி முடித்துவிட்டு இரைச்சல் சேர்ப்பவர்களும் உண்டு, அதற்குள் 0.3 செத்துப்போயிருக்கும். எம்பி3 போதுமென்றால் 16 பிட்டே வேண்டாம், 24 பிட்டிலிருந்து நேரே எடுக்கலாம்.

துடைத்த கோப்பு கையில் இருக்கிறதே என்று கேசட்டைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். துடைத்ததில் போனது எதையும் அந்தக் கோப்பிலிருந்து மீட்க முடியாது.