வீட்டுக்குப் புரியும் ‘ததவு’

கேள்வி: என் மகளுக்கு நான்கரை வயது. ‘க’ வரும் இடத்தில் எல்லாம் ‘த’ என்கிறாள். கதவு அவளுக்குத் ‘ததவு’, மூக்கு ‘மூத்து’. அவள் பேச்சு பாதி புரியவில்லை என்று வகுப்பாசிரியை சொன்ன பிறகுதான் எங்களுக்கு உறைத்தது. எங்களுக்கு மட்டும் எப்படித் தடையின்றிப் புரிந்தது? நான் கவலைப்பட வேண்டுமா?
– ஒரு வாசகி

பதில்: அன்புச் சகோதரி, இதைக் கவனிக்காமல் விட்டோமே என்று தாங்கள் வருந்தத் தேவையில்லை. கேட்கும் காதின் இயல்பே அதுதான். நாம் ஒலிகளை ஒவ்வொன்றாக எழுத்துக்கூட்டிச் சொல்லாக்குவதில்லை. முதல் ஓரிரு ஒலிகள் காதில் விழுந்ததுமே அவற்றில் தொடங்கும் சொற்கள் பலவும் மனத்தில் ஒருங்கே எழுகின்றன. அடுத்தடுத்த ஒலிகளும் பேச்சின் சூழலும் சேரச் சேர, பொருந்தாதவை விலகி ஒன்று மட்டும் நிற்கிறது. அது நிலைபெற்றுவிட்டால், இடையில் ஓர் ஒலி பிசகினாலும் மனம் தானே திருத்திக்கொள்ளும். அமெரிக்க உளவியலாளர் ரிச்சர்ட் வாரன் 1970-ல், பதிவு செய்த ஒரு வாக்கியத்தில் ஒரு சொல்லின் நடுவிலிருந்த ஒலியை வெட்டியெடுத்து, அந்த இடத்தில் ஓர் இருமலை வைத்து 20 பேரைக் கேட்கச் செய்தார். 19 பேர் எதுவுமே விடுபடவில்லை என்றார்கள். எஞ்சிய ஒருவரும் விடுபட்டது வேறோர் ஒலி என்றார். இல்லாத ஒலியையே கேட்டுவிடும் காது, மாறி வந்த ஒலியைப் பொருட்படுத்தாமல் விட்டதில் வியப்பில்லை.

அப்படியானால் ஆசிரியைக்கு ஏன் புரியவில்லை? ‘மூத்து’ அவருக்குப் பெரும்பாலும் புரிந்திருக்கும்; தொடக்கம் சரியாக இருக்கிறது, விரலும் மூக்கைத் தொட்டிருக்கும். ‘ததவு’ அப்படியல்ல. முதல் ஒலியே பிசகும்போது, தேடல் தவறான சொற்களிடையே தொடங்கிவிடுகிறது. அதைவிடச் சிக்கலானது, மாறிய ஒலி வேறொரு நல்ல சொல்லாகவே அமைந்துவிடுவது. “இதைக் கட்டு” என்று ரிப்பனை நீட்டும் குழந்தையின் வாயில் அது “இதைத் தட்டு” ஆகிறது. கேட்பவர் தட்டத்தான் செய்வார்.

தங்கள் காது இதற்குப் பழகியிருக்கிறது. மொழி உளவியலாளர்கள் நாரிஸ், மெக்குவீன், கட்லர் ஆகிய மூவர் 2003-ல் வெளியிட்ட ஆய்வில், ‘ஃப’வுக்கும் ‘ஸ’வுக்கும் நடுவே நிற்கும் ஓர் ஒலியை, நன்கு தெரிந்த டச்சுச் சொற்களில் வைத்துக் கேட்கச் செய்தபோது, ஏறத்தாழ இருபது சொற்களிலேயே கேட்பவர்கள் அந்த இரு ஒலிகளுக்கும் இடையிலான எல்லையை நகர்த்திக்கொண்டார்கள்; அதாவது, அந்த நடு ஒலியை அச்சொற்களுக்கு ஏற்ற ஒலியாகவே கேட்கத் தொடங்கினார்கள். பொருளற்ற சொற்களில் வைத்தபோது அது நிகழவில்லை. தெரிந்த சொல்தான் காதுக்குப் பாடம் சொல்கிறது. தாங்களோ ஆண்டுக்கணக்கில் அந்தப் பாடத்தைக் கேட்டிருக்கிறீர்கள். ஆகவே மகளின் பேச்சுத் தெளிவை அளக்கத் தங்கள் காது ஏற்ற அளவுகோல் அன்று. அவள் இயல்பாகப் பேசுவதைக் கைபேசியில் இரண்டு நிமிடம் பதிந்து, அவளோடு பழகாத ஒருவரிடம் கேட்கக் கொடுத்து, புரிந்ததை எழுதித் தரச் சொல்லுங்கள்.

ஒன்றை மட்டும் தவிர்த்துவிடுங்கள். செல்லமாகக்கூட யாரும் அவளிடம் ‘ததவு’ என்று திருப்பிச் சொல்ல வேண்டாம். உளவியலாளர்கள் ஜீன் பெர்க்கோவும் ராஜர் பிரௌனும் 1960-ல் எழுதிய கட்டுரையில் வரும் ஒரு குழந்தை, தன் பொம்மை மீனை ‘ஃபிஷ்’ என்பதற்குப் பதில் ‘ஃபிஸ்’ என்றது. பெரியவர் ‘ஃபிஸ்’ என்று கேட்டபோது மறுத்தது. ‘ஃபிஷ்’ என்றதும் ஆமென்றது. வாய் எட்டாத ஒலியைக் காது பிரித்தறிந்திருந்தது. தங்கள் மகளுக்கும் அப்படி இருக்கக்கூடும். அதனால் இடைமறித்துத் திருத்தாமல், “கதவைத் திறக்கணுமா?” என்று சரியான ஒலியைப் பேச்சோடு பேச்சாகத் தாருங்கள்.

இந்த ‘க’-‘த’ மாற்றம் சிறு குழந்தைகளிடம் மிகச் சாதாரணம். பெரும்பாலும் நான்கு வயதையொட்டி மறைந்துவிடும். நான்கு வயதில் குழந்தையின் பேச்சு அயலாருக்கும் பெரும்பாலும் புரிய வேண்டும். தங்கள் மகள் அந்த வயதைத் தாண்டியிருப்பதாலும், ஆசிரியைக்குப் பாதி புரியாததாலும், இன்னும் காத்திருக்கச் சொல்ல எனக்கு மனமில்லை. முதலில் செவித்திறன் பரிசோதனை, பிறகு பேச்சுப் பயிற்சியாளரின் ஆலோசனை என்று இந்த மாதமே தொடங்குங்கள். செல்லும்போது அந்த இரண்டு நிமிடப் பதிவையும், பழகாதவர் எழுதித் தந்த தாளையும் மறவாமல் எடுத்துச் செல்லுங்கள்.