புதிய சன்ஸ்கிரீன் மூலப்பொருள்களும் ஆய்வுகூடமும்: கேள்வி பதில்

நச்சியல் ஆய்வுகூடங்களில் பல வருடங்கள் வேலை செய்து ஓய்வு பெற்று, இப்போது கொழும்பில் வசிக்கிறேன். சன்ஸ்கிரீனில் சேர்க்கப்படும் பொருள்களை எப்படிச் சோதிக்கிறார்கள் என்பது பற்றி எதையும் கேட்கலாம். எந்த பிராண்ட் நல்லது என்றும், வீட்டில் எப்படிக் காய்ச்சுவது என்றும் மட்டும் தயவுசெய்து கேட்க வேண்டாம்.

வெள்ளவத்தை வாசகி: ஐயா, புற ஊதாக் கதிரைத் தடுக்கும் புதிய மூலக்கூறு ஒன்றை உருவாக்கினால், மனிதத் தோலில் பூசுவதற்கு முன் அதை எதில் பூசிப் பார்ப்பார்கள்?

முதலில் எதிலும் பூசுவதில்லை. பற்றீரியாக்களோடு சேர்த்து வைத்து, மரபணுவில் பிறழ்வை உண்டாக்குகிறதா என்று பார்ப்பார்கள். ஏமிஸ் சோதனை என்பது இதுதான். அடுத்து வருவது சன்ஸ்கிரீனுக்கே உரிய கேள்வி: இருட்டில் சாதுவாக இருக்கும் பொருள் வெயில் பட்டதும் நஞ்சாக மாறுமா? இதற்கு எலிக்கருவிலிருந்து பெறப்பட்டுப் பல பத்தாண்டுகளாக வளர்க்கப்பட்டு வரும் கலங்களை, 96 குழிகள் கொண்ட இரண்டு தட்டுகளில் வளர்த்து, இரண்டிலும் பொருளை ஒரே அளவுகளில் இட்டு, ஒன்றை இருட்டில் வைத்து, மற்றதன்மேல் சதுர சென்ரிமீற்றருக்கு 5 யூல் அளவு நீண்ட அலைப் புற ஊதாக் கதிரைப் பாய்ச்சுவார்கள். மறுநாள் நியூட்ரல் ரெட் என்னும் சாயத்தை ஊற்றினால் உயிருள்ள கலங்கள் அதை உறிஞ்சிச் சிவக்கும், செத்தவை வெளிறியே கிடக்கும். ஒப்பீட்டுக்காகச் சேர்க்கும் குளோர்புரோமசீன் என்னும் மருந்து இருட்டுத் தட்டில் சிவப்பாகவே நிற்க, அதே செறிவுள்ள வரிசை கதிர் பட்ட தட்டில் வெறுமையாகத் தெரிவதை முதன்முதலில் பார்த்த நாளில், வெயில் என்பதும் ஒரு வினைபொருள்தான் என்பது எனக்கு உறைத்தது. இரண்டு தட்டுகளிலும் பாதிக் கலங்களைக் கொல்லத் தேவைப்படும் செறிவுகளுக்கு இடையிலான விகிதம் 5ஐத் தாண்டினால் அந்தப் பொருள் ஒளிநச்சு எனக் கருதப்படும். இந்தச் சோதனை சற்றுப் பயந்த சுபாவம் உடையது. குற்றமற்றதையும் சில வேளைகளில் குற்றவாளியாக்கிவிடும். அதனால் சந்தேகம் வந்தால், ஆய்வுகூடத்தில் அடுக்கடுக்காக வளர்த்த மனித மேற்றோலில் மீண்டும் பார்ப்பார்கள்.

அதற்குப் பிறகுதான் தோலுக்குள் எவ்வளவு இறங்குகிறது என்ற கேள்வி. வயிற்றுத் தோலைக் குறைக்கும் சத்திரசிகிச்சையில் வெட்டி அகற்றப்பட்ட தோலை ஒரு கண்ணாடிப் பாத்திரத்தின் வாயில் விரித்து, மேலே களிம்பைப் பூசி, கீழே உள்ள திரவத்தில் என்ன சேர்கிறது என்று 24 மணிநேரம் அளப்பார்கள். அந்த எண்ணை வைத்து ஒரு கணக்குப் போடலாம். ஐரோப்பிய மதிப்பீட்டாளர்கள் ஒருவர் நாளொன்றுக்கு 18 கிராம் சன்ஸ்கிரீன் பூசுவதாக எடுத்துக்கொள்கிறார்கள். அதில் 10% புதிய பொருள் என்றால் 1,800 மில்லிகிராம். நூற்றில் ஒரு பங்கு உள்ளே போனால் 18 மில்லிகிராம். 60 கிலோ எடையுள்ளவருக்குக் கிலோவுக்கு 0.3 மில்லிகிராம். விலங்குகளில் தீங்கு காட்டாத உச்ச அளவு இதைப்போல் 100 மடங்காவது, அதாவது கிலோவுக்கு 30 மில்லிகிராமாவது இருக்க வேண்டும்.

தெஹிவளை வாசகர்: சன்ஸ்கிரீன் இரத்தத்தில் கலக்கிறது என்று அமெரிக்க அரசே சொல்லிவிட்டதாமே?

கலக்கிறது என்று சொன்னது, கெடுக்கிறது என்று சொல்லவில்லை. 2019இல் அமெரிக்க உணவு மருந்து நிருவாகத்தின் ஆய்வாளர்கள் 24 பேருக்கு, உடலின் முக்கால் பங்கில், நாளுக்கு நான்கு தடவை, நான்கு நாட்கள் பூசினார்கள். சோதித்த வடிகட்டிகள், அதாவது புற ஊதாக் கதிரைத் தடுக்கும் பொருள்கள், எல்லாமே இரத்தத்தில் மில்லிலீற்றருக்கு 0.5 நனோகிராம் என்ற எல்லையைத் தாண்டின. அவற்றுள் ஒன்றான ஒக்சிபென்சோன் 200ஐயும் தொட்டது. அந்த எல்லை ஆபத்தின் எல்லை அன்று. அதற்கு மேலே போனால் புற்றுநோய், இனப்பெருக்கம் பற்றிய சோதனைகளையும் செய்து காட்டு என்று உற்பத்தியாளரிடம் கேட்பதற்கான கோடு அது. அதே வருடம் 16 பொருள்களை எடுத்து, நாக ஒட்சைட்டும் தைத்தேனியம் ஈரொட்சைட்டும் ஏற்கத்தக்கவை, இரண்டு ஏற்கத்தகாதவை, மீதி 12க்கும் தரவு போதாது என்று அந்த நிருவாகம் முன்மொழிந்தது. தரவு போதாது என்பதை நஞ்சு என்று வாசிப்பவர்கள், பரீட்சை முடிவு வராத பிள்ளையைத் தோற்றுவிட்டது என்று சொல்கிறவர்கள்.

கொட்டாஞ்சேனை வாசகி: தேங்காயெண்ணெயில் நாக ஒட்சைட்டுத் தூளைக் கலந்து நானே செய்துகொள்ளலாமா?

வேண்டாம். தூள் திரண்டுவிடும், திரளும் இடங்களுக்கு இடையில் தோல் வெறுமையாக இருக்கும்.

பம்பலப்பிட்டி வாசகர்: இரத்தத்தில் கலக்குமா?

தெஹிவளைக்காரருக்குச் சொன்ன பதிலை வாசியுங்கள்.

மட்டக்குளி வாசகி: விலங்குகளில் சோதிக்கவில்லை என்பதற்கு அடையாளமாகப் பெட்டியில் முயல் படம் போட்டதை மட்டுமே வாங்குகிறேன். அப்படியானால் எந்த விலங்கும் துன்பப்படவில்லை என்று நம்பலாம் அல்லவா?

நம்ப முடியாது, சகோதரி. நான் மேலே சொன்ன தீங்கு காட்டாத அளவு பெரும்பாலும் எலிகளிடமிருந்து, பழைய பொருள்களானால் பல பத்தாண்டுகளுக்கு முன்பே, பெறப்பட்டது. முயல் படம் அந்தப் பழைய கணக்கை அழித்துவிடாது.

மட்டக்குளி வாசகி: அழகுசாதனங்களுக்கான விலங்குச் சோதனையை ஐரோப்பா 2013இல் முழுமையாகத் தடை செய்ததே, அது வெறும் காகிதமா?

காகிதம் அன்று, ஆனால் ஓட்டையுள்ள சட்டம். அழகுசாதனச் சட்டம் தடுக்கிறது. இரசாயனப் பொருள்களுக்கான சட்டம், தொழிற்சாலையில் அதைக் கையாளும் தொழிலாளரின் பாதுகாப்புக்காகச் சோதனை கேட்கிறது. சன்ஸ்கிரீனில் சேரும் ஹோமோசலேற்றை எலிகளிலும் மீன்களிலும் சோதிக்கும்படி ஐரோப்பிய இரசாயன முகவரகம் கேட்க, உற்பத்தி நிறுவனம் வழக்காடியது. 2023 நவம்பரில் நீதிமன்றம் முகவரகத்தின் பக்கமே தீர்ப்பளித்தது.

மருதானை வாசகர்: எலி இல்லாவிட்டால் உங்கள் 100 மடங்கு எங்கிருந்து வரும்? உணர்ச்சிவசப்பட்டுப் பேசுகிறார் அந்தச் சகோதரி.

அவரை அப்படிச் சொல்ல வேண்டாம். அந்த 100 என்பதே 10ஐப் 10ஆல் பெருக்கியது: எலிக்கும் மனிதருக்கும் இடையிலான வேறுபாட்டுக்கு ஒரு 10, மனிதருக்கும் மனிதருக்கும் இடையிலானதற்கு இன்னொரு 10. எலி நம்மைப் போன்றது அன்று என்பதை ஒப்புக்கொண்டுதான் முதலாவது 10ஐப் போட்டிருக்கிறார்கள். ஒளிநச்சுக்கு ஒரு காலத்தில் விலங்கின் முதுகை மழித்துப் பூசிப் பார்த்தார்கள்; இன்று தட்டு போதும். புற்றுநோய்க்கும் இனப்பெருக்கத்துக்கும் அப்படி ஒரு தட்டு இன்னும் கிடைக்கவில்லை. சண்டையே அந்த இடத்தில்தான்.

மட்டக்குளி வாசகி: அந்தத் தட்டில் கலங்களுக்கு என்ன உணவு கொடுக்கிறார்கள், ஐயா?

கேட்டுவிட்டீர்கள். வளர்ப்பூடகத்தில் நூற்றுக்குப் பத்துப் பங்கு கன்றுக்குட்டியின் இரத்தத்திலிருந்து பிரித்த தெளிந்த நீர். ‘விலங்கில்லாச் சோதனை’ என்று நானே அறிக்கைகளில் எழுதியிருக்கிறேன். இந்த இடத்தில் நீங்கள் சொல்வதே சரி.

நுகேகொடை வாசகர்: தேங்காயெண்ணெய்க்குப் பதிலாக நல்லெண்ணெய் என்றால்?

அதுவும் வேண்டாம்.