டர்போ கார் ஆயில் குடிக்கிறது. வாரண்டி இல்லை என்கிறார்கள்

கேள்வி: என்னுடையது 1.0 லிட்டர், மூன்று சிலிண்டர் டர்போ பெட்ரோல் கார். 13 லட்சம் ரூபாய்க்கு வாங்கி இரண்டேகால் வருடம் ஆகிறது, 31,000 கி.மீ. ஓடியிருக்கிறது. மூன்று வருட வாரண்டி இன்னும் முடியவில்லை. 1,000 கி.மீ.க்கு ஏறக்குறைய ஒரு லிட்டர் ஆயில் குறைகிறது. காலையில் ஸ்டார்ட் செய்தால் நீலப் புகை. ஏற்றத்தில் இழுவை இல்லை. டர்போவும் பிஸ்டன்களும் மாற்ற 2.4 லட்சம் கேட்கிறார்கள். ஒருமுறை வெளி மெக்கானிக்கிடம் ஆயில் மாற்றினேன், அதனால் வாரண்டி கிடையாதாம். விளம்பரத்தில் சொன்ன 115 குதிரைத்திறனும் மைலேஜும் ஒருநாளும் கிடைத்ததில்லை. புதிய கார் கேட்டு வழக்குப் போடலாமா?

பதில்: வழக்குப் போடலாம். ஆனால் இன்ஜினைப் பிரிக்கச் சொல்லி ஜாப் கார்டில் (சர்வீஸ் சென்டர் எழுதும் வேலைச் சீட்டு) இப்போதைக்குக் கையெழுத்துப் போடாதீர்கள். எதனால் கெட்டது என்பதற்கான தடயம் முழுவதும் அந்த இன்ஜினுக்குள் இருக்கிறது. கழற்றிய பாகங்கள் பழைய இரும்புக்குப் போய்விட்டால், பிறகு எந்த நிபுணராலும் உங்களுக்கு உதவ முடியாது.

இத்தகைய இன்ஜினில் ஆயில் குறைய முக்கியமாக இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, இன்ஜினுக்குள் காற்றை அழுத்தித் தள்ளும் டர்போவின் தண்டுப் பகுதியில் சீல் தேய்ந்து ஆயில் காற்றுக்குழாய்க்கோ சைலன்சர் பக்கமோ கசிவது. மற்றொன்று, பிஸ்டனைச் சுற்றி ஆயிலைத் தடுக்கும் ரிங் ஒட்டிக்கொள்வது அல்லது ரிங் அமரும் விளிம்பே உடைவது. நேரடி எரிபொருள் பீச்சும் சிறிய டர்போ இன்ஜின்களில் இந்த உடைப்புக்கு அறியப்பட்ட காரணம் ஒன்று உண்டு: குறைந்த வேகச் சுழற்சியில் ஆக்சிலேட்டரை ஆழமாக மிதிக்கும்போது, ஸ்பார்க் வருவதற்கு முன்பே கலவை தானாகப் பற்றிக்கொள்கிறது. இதைத் தடுக்கும் சோதனைகளைச் சேர்த்துத்தான் 2020-இல் ஏபிஐ எஸ்பி என்ற ஆயில் தரம் வந்தது. எனவே எதிர்த்தரப்பு நாளை சொல்லப்போவது இதுதான்: வெளியில் ஊற்றிய ஆயில் அந்தத் தரத்தில் இல்லை.

ஆகவே முதலில் அந்த ஆயில் பில்லைத் தேடி எடுங்கள். பிராண்டைவிட முக்கியம், பாகுநிலை எண்ணும் (ஆயிலின் கெட்டித்தன்மையைக் குறிப்பது) தரக் குறியீடும் கார் கையேட்டில் உள்ளதோடு பொருந்துகிறதா என்பது. பொருந்தினால் அவர்களுடைய மறுப்பு பெரும்பாலும் அங்கேயே சரிந்துவிடும். பில் இல்லையென்றால், ஆயில் மாற்றிய தேதிக்கு முன்பே ஆயில் குறைவது பற்றிப் புகார் சொன்னதாக ஏதாவது ஜாப் கார்டில் பதிவாகியிருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் அது பில்லைவிட வலுவான ஆவணம்.

வெளியில் சர்வீஸ் செய்ததாலேயே வாரண்டி மொத்தமும் போய்விடும் என்ற வாதம் அவ்வளவு உறுதியானது அல்ல. 14 கார் நிறுவனங்களுக்கு எதிராக இந்தியப் போட்டி ஆணையம் 2014 ஆகஸ்டில் பிறப்பித்த உத்தரவு, வெளிப் பழுதுபார்ப்பால் ஏற்பட்ட சேதத்தின் அளவுக்கு மட்டுமே வாரண்டியை மறுக்கலாம் என்றது. நிறுவனங்கள் மேல்முறையீட்டுக்குப் போயின. அதனால் இதை மட்டும் நம்பி வழக்கை நடத்த வேண்டாம். ஆயிலுக்கும் பழுதுக்கும் என்ன தொடர்பு என்று அவர்களைச் சொல்ல வைப்பதுதான் உங்கள் வேலை.

அதற்கு, சர்வீஸ் சென்டருக்கும் தயாரிப்பு நிறுவனத்துக்கும் மின்னஞ்சலில் நான்கு விஷயங்கள் கேளுங்கள்: வாரண்டி மறுப்பும் அதன் காரணமும் எழுத்தில், இன்ஜின் கணினியின் முழு ஸ்கேன் அறிக்கை, ஒவ்வொரு சிலிண்டருக்கும் கம்ப்ரஷன் (அழுத்தம்) மற்றும் லீக்-டவுன் (அழுத்தக் கசிவு) அளவுகள், இன்டர்கூலர் (டர்போவிலிருந்து வரும் காற்றைக் குளிர்விக்கும் பாகம்) குழாயில் ஆயில் தேங்கியிருக்கிறதா என்பதற்குப் புகைப்படம். மூன்றில் ஒரு சிலிண்டர் மட்டும் அழுத்தம் இழந்திருந்தால் பிஸ்டன் பக்கம் சந்தேகம் வலுக்கும். மூன்றும் சீராக இருந்து குழாயில் ஆயில் நின்றால் டர்போவைத்தான் பார்க்க வேண்டும். பிறகு ஆயில் நுகர்வுச் சோதனை: அளவு பார்த்து நிரப்பி, டிப்ஸ்டிக்கையும் வடிகால் போல்ட்டையும் சீல் வைத்து, 1,000 கி.மீ. ஓட்டி, மறுபடி அளப்பது. சில கையேடுகள் 1,000 கி.மீ.க்கு 0.5 லிட்டர் வரை இயல்பு என்கின்றன. உங்கள் கையேட்டில் உள்ள எண்ணை மனுவில் அப்படியே எடுத்தெழுதுங்கள். அதுவரை வண்டியை ஓட்டினால் ஆயில் அளவை அடிக்கடி பார்த்து, கையேட்டுத் தர ஆயிலையே பில்லோடு ஊற்றுங்கள். ஆயில் இல்லாமல் ஓட்டினார் என்ற பழி வரக்கூடாது.

இன்ஜின் கணினியில் வெளி டியூனிங் (திறனைக் கூட்ட மென்பொருளை மாற்றுவது) ஏதாவது செய்திருந்தால் அதை உங்கள் வக்கீலிடம் மறைக்காதீர்கள். அதன் தடம் கணினியில் கிடைக்கக்கூடும். வழக்கின் நடுவில் அது வெளிவருவதைவிட மோசமானது வேறில்லை.

புகார் மனு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019-இன்படி மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில். கொடுத்த விலை 50 லட்சம் வரை என்றால் அங்கேதான். 10 முதல் 20 லட்சத்துக்குக் கட்டணம் 400 ரூபாய். நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே தாக்கல் செய்யலாம். டீலர், தயாரிப்பு நிறுவனம் இருவரையும் எதிர்த்தரப்பாகச் சேருங்கள்; ஒருவரை விட்டால், வந்திருப்பவர் பழியை வராதவர்மேல் போடுவார். மனுவோடு பிரிவு 38(2)(சி)-இன் கீழ் நிபுணர் ஆய்வு கேட்டுத் தனி மனு போடுங்கள். ஆய்வுக் கட்டணத்தை நீங்கள் கட்ட வேண்டிவரும், ஆனால் உற்பத்திக் குறைபாட்டை நிரூபிக்கும் பொறுப்பு உங்களுடையது என்பதால் அந்தச் செலவைத் தவிர்க்காதீர்கள். பிரித்தல் அந்த நிபுணர் முன்னிலையில், வீடியோ பதிவோடு நடக்கட்டும். கைபேசியில் எடுத்த படங்களை ஆவணமாக்க, மின்னணு ஆவணங்களுக்கான பாரதிய சாட்சிய சட்டம் பிரிவு 63 சான்றிதழ் இணைக்க வேண்டும்.

புதிய கார் கேட்கலாம், கிடைப்பது கடினம். மாருதி உத்யோக் சம்பந்தப்பட்ட 2006 தீர்ப்பில், வாரண்டி பழுதான பாகத்தை மாற்றுவதற்கு மட்டுமே என்றால் காரையே மாற்றித்தர உத்தரவிட முடியாது என்றது உச்ச நீதிமன்றம். முதன்மைப் பரிகாரமாக இலவச டர்போ, பிஸ்டன் மாற்றம் அல்லது முழு இன்ஜின் மாற்றம், மாற்றிய பாகங்களுக்குப் புதிய வாரண்டி, இழப்பீடு, வழக்குச் செலவு என்று கேளுங்கள். கார் மாற்றம் மாற்றுக் கோரிக்கையாக இருக்கட்டும். நுகர்வோர் சட்டத்தின் பொருள் பொறுப்பு அத்தியாயத்தை (குறையுள்ள பொருளால் நேரும் தீங்குக்கு இழப்பீடு கேட்பது) இதற்குள் இழுக்க வேண்டாம். பொருளுக்கே நேர்ந்த சேதம் அந்த அத்தியாயத்தில் வராது என்று பிரிவு 2(22) சொல்கிறது.

குதிரைத்திறன், மைலேஜ் குறையை விட்டுவிடுங்கள். 115 என்பது இன்ஜின் தண்டில் அளப்பது. சக்கரத்தில் அளந்தால் கியர்பாக்ஸ் இழப்பு போக எப்போதும் குறையும். மைலேஜும் ஆய்வகச் சோதனை எண். இவை இரண்டும் மனுவில் இருந்தால், ஆயில் பற்றிப் பேச வேண்டிய நேரம் அவற்றுக்கே போய்விடும்.

காலவரையறை இரண்டு வருடம் (பிரிவு 69). மறுப்பு வந்த நாளிலிருந்து எண்ணுங்கள்; அதன்பின் நீங்கள் எழுதும் கடிதங்கள் அதை நீட்டிக்காது. வக்கீல் நோட்டீஸ் கட்டாயம் இல்லை, ஆனாலும் 15 நாள் அவகாசம் கொடுத்து ஒன்று அனுப்புவது நல்லது.

கார் இல்லாமல் முடியாது, காத்திருக்க வழியில்லை என்றால், 2.4 லட்சத்தை ‘ஆட்சேபத்துடன் செலுத்துகிறேன்’ என்று பில்லிலும் மின்னஞ்சலிலும் எழுதிக் கட்டி, வேலையைச் செய்யச் சொல்லுங்கள். பிரிப்பதற்கு முன் தேதியும் நேரமும் குறித்து, உங்கள் தரப்பில் ஒரு ஆட்டோமொபைல் பொறியாளர் நிற்கட்டும். பழைய டர்போ, பிஸ்டன்கள், ரிங்குகள், ஆயில் ஃபில்டர், ஒரு பாட்டில் வடித்த ஆயில் ஆகியவற்றை இரு தரப்பும் கையெழுத்திட்ட சீலோடு வாங்கி வீட்டில் வையுங்கள்.