இரத்தக் குருத்தணுக்களின் முதுமை: மார்கரெட் குடெலின் ஆய்வு வாழ்க்கை குறித்துக் கேள்வி பதில்

கேள்வி (முதுகலை மாணவி): குருத்தணு ஆய்வாளரான குடெல் முதலில் அறியப்பட்டது எதனால்?

பதில்: மரபியலாளர் ரிச்சர்ட் மல்லிகனின் ஆய்வகத்தில் பணியாற்றியபோது 1996-இல் வெளியிட்ட கட்டுரையால். ஹெக்ஸ்ட் 33342 என்னும் சாயத்தை எலியின் எலும்பு மஜ்ஜையில் கலந்து, அது உமிழும் ஒளியை இரண்டு அலைநீளங்களில் ஒரே சமயத்தில் அளந்தார். பெரும்பாலான அணுக்கள் பிரகாசமாக ஒளிர, வரைபடத்தின் ஓரத்தில் மங்கலாக ஒரு சிறு வால் நீண்டிருந்தது. சாயத்தை வெளியே தள்ளிவிடும் குருத்தணுக்கள், அதாவது எல்லா இரத்த அணுக்களையும் உருவாக்கும் ஸ்டெம் செல்கள், அந்த வாலில்தான் செறிந்திருந்தன. பிறகு ஹூஸ்டனிலுள்ள பேய்லர் மருத்துவக் கல்லூரியில் சொந்த ஆய்வகம் அமைத்தார்.

கேள்வி: வயதாக ஆகக் குருத்தணுக்கள் தீர்ந்துபோகின்றனவா?

பதில்: எலிகளில் நேர்மாறு. எண்ணிக்கை கூடுகிறது, திறன்தான் குறைகிறது. அழற்சியோடு தொடர்புள்ள மரபணுக்களின் செயல்பாடு கூடுவதையும், டிஎன்ஏ-வைப் பொதிந்து வைக்கும் ஒழுங்கு குலைவதையும் அவரது குழு 2007-இல் காட்டியது.

கேள்வி (ஆய்வக நுட்பநர்): டிஎன்எம்டி3ஏ மரபணுவைப் பற்றி இவ்வளவு பேசுவது ஏன்?

பதில்: என் பார்வையில் அவரது பணியின் மையமே அதுதான். டிஎன்ஏ-வில் மெத்தில் என்னும் வேதிக் குறியை இட்டு, மரபணுக்களின் செயல்பாட்டைக் கட்டுப்படுத்த உதவும் நொதி ஒன்றை அந்த மரபணு உருவாக்குகிறது. எலியின் குருத்தணுக்களில் அதை நீக்கிவிட்டால், அவை முதிர்ந்த இரத்த அணுக்களாக மாறுவதை விடுத்துத் தம்மையே பெருக்கிக்கொள்கின்றன என்று 2011-இல் கிராண்ட் சாலனும் குடெலும் பிறரும் கண்டறிந்தனர். இயல்பான குருத்தணுக்கள் ஓர் எலியிலிருந்து மற்றோர் எலிக்குச் சில தடவை மாற்றப்பட்டதுமே ஓய்ந்துவிடும். இம்மரபணுவை இழந்தவையோ இப்படி எலிக்கு எலி அடுத்தடுத்து 12 தடவை மாற்றப்பட்ட பின்னும் தாக்குப்பிடித்ததாக 2018-இல் அதே ஆய்வகம் அறிவித்தது. இதற்கிடையே, முதியவர்களின் இரத்தத்தில் ஒரே குருத்தணுவின் வழித்தோன்றல்கள் பெருகியிருப்பதையும், அவற்றில் பெரும்பாலும் பிறழ்ந்திருப்பது இதே மரபணு என்பதையும் 2014-இல் வெவ்வேறு குழுக்கள் மனிதர்களிடம் கண்டன. ஆகவே இரத்தத்தின் முதுமையைத் தேய்மானமாக மட்டும் பார்ப்பது போதாது. சில குருத்தணுக்களின் வம்சங்கள் மற்றவற்றை ஒதுக்கிவிட்டு மேலோங்குவதும் அதில் அடங்கும். (எலிக்கு எலி மாற்றும் சோதனை குருத்தணுக்களைக் கடும் நெருக்கடிக்கு உள்ளாக்குவது; இயல்பான முதுமை அவ்வளவு விரைந்து நடப்பதில்லை என்பதை இங்கே மறக்கலாகாது.)

கேள்வி: என் தந்தைக்கு 74 வயது. இரத்தத்தில் இத்தகைய பிறழ்ந்த வம்சம் பெருகியிருக்கிறதா என்று அவருக்குச் சோதனை செய்ய வேண்டுமா?

பதில்: இரத்த அணுக்களின் எண்ணிக்கை இயல்பாக இருந்தால் பொதுவாகத் தேவையில்லை. இத்தகைய பெருக்கம் உள்ளவர்களிலும் ஆண்டுக்கு ஏறக்குறைய 0.5 முதல் 1 விழுக்காட்டினருக்கே இரத்தப் புற்றுநோய் வருகிறது. இதயநோய் அபாயம் கூடுவதால், இரத்த அழுத்தத்தையும் கொழுப்பையும் கட்டுக்குள் வைத்திருப்பதே இப்போதைக்குப் பயனுள்ளது.

கேள்வி: கீமோதெரபிக்குப் பிறகு சிலருக்கு இந்தப் பெருக்கம் தென்படுவது ஏன்?

பதில்: பிபிஎம்1டி என்னும் மரபணு பிறழ்ந்த அணுக்கள் சிகிச்சைக்கு முன்பே சொற்ப அளவில் இருந்திருக்கலாம். சிஸ்பிளாட்டின் போன்ற மருந்து மற்ற அணுக்களை அழிக்கும்போது இவை தாக்குப்பிடித்து, காலியான இடத்தையும் பிடித்துக்கொள்கின்றன. குடெலின் குழு 2018-இல் இதை விளக்கியது.