சேலத்து வெயிலில் ஓடும் கணினிக்கு ஆர்டிஎக்ஸ் 3060ஆ, 4060ஆ?

சூரமங்கலத்தில் இருக்கும் நீங்கள், ஐ5-10400எஃப் பிராசஸரும் ஜிடிஎக்ஸ் 1050 டிஐ கிராபிக்ஸ் கார்டும் 450 வாட் பவர் சப்ளையும் உள்ள கணினிக்கு, 1080பி மானிட்டரில் விளையாட என்விடியாவின் ஆர்டிஎக்ஸ் 3060, 4060 இரண்டில் எந்தக் கார்டை வாங்கலாம் என்று கேட்டிருக்கிறீர்கள்.

கார்டைவிட முதலில் பார்க்க வேண்டியது பவர் சப்ளை. பழைய கார்டு 75 வாட்டுக்குள் அடங்கியது; 3060 சுமார் 170 வாட்டும் 4060 சுமார் 115 வாட்டும் இழுப்பதால், பொதுவாகத் தனி 8 பின் கேபிள் தேவைப்படும். இரண்டுக்குமே என்விடியா பரிந்துரைப்பது 550 வாட். பெட்டியில் பெரிதாக அச்சிட்டிருக்கும் எண்ணை நம்பாமல், பவர் சப்ளையின் லேபிளில் 12 வோல்ட்டுக்கு நேரே உள்ள ஆம்பியரை 12ஆல் பெருக்கிப் பாருங்கள். 36 என்றிருந்தால் 432 வாட் கிடைக்கும். 20 என்றிருந்தால் 240தான், மீதி வெறும் பெயருக்கு.

4060 எட்டு லேன் (தரவு செல்லும் பாதை) மட்டுமே பயன்படுத்தும் கார்டு என்பதாலும், கார்டையும் பிராசஸரையும் இணைக்கும் பிசிஐ எக்ஸ்பிரஸில் உங்கள் பிராசஸர் பழைய, வேகம் குறைந்த 3.0 தலைமுறையுடன் நின்றுவிடுவதாலும், 4060இன் 8 ஜிபி மெமரி நிரம்பி, தரவை அந்தப் பாதை வழியே கணினியின் மெமரியிலிருந்து எடுக்க வேண்டிய விளையாட்டுகளில் தடுமாற்றம் தெரியும். அந்த இடத்தில் 12 ஜிபி கொண்ட 3060 நிதானமாக ஓடும் (அதே பெயரில் 8 ஜிபி வகையும் விற்கிறது, அதைத் தவிர்த்துவிடுங்கள்).

ஆயினும் நான் 4060ஐயே தேர்ந்தெடுப்பேன். சித்திரை மாதத்தில் ஏசி இல்லாத அறையில் 55 வாட் வெப்பம் குறைவது சிறிய விஷயமல்ல. விளையாட்டின் அமைப்புகளில் டெக்ஸ்சர் (பொருள்களின் மேற்பரப்புப் படங்கள்) அளவை ஒரு படி குறைத்தால் மெமரிச் சிக்கலும் பெரும்பாலும் தீரும். பணம் கொடுப்பதற்கு முன், கார்டு உள்ளே அடங்குமா என்று கேபினெட்டின் உள்நீளத்தை டேப்பால் அளந்துகொள்ளுங்கள்.